காயா மலர்

திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று அழைப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள்ளும் காயா ஒன்று. யான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், வகுப்பில் இதனை விளக்கிவிட்டு, “காயாவைக் கண்டவர் யார்?” என்று வினவினேன். ஒரு கையும் உயரவில்லை. உண்மையைச் சொன்னால், யானும் அதுவரை கண்டதில்லை! பின்னர், அரியலூர்ப் பக்கத்து ஐயனார் கோயிற்காடு ஒன்றில், ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரே அதனை எனக்குக் காட்டினார். “காசாச் செடி” என்பது அவர் வழங்கிய பெயர்.

காயா என்றும் பசுமை மாறாத புதர்; சில இடங்களில் சிறு மரமாகவும் உயரும். அதன் தடித்த, பளபளப்பான இலை கோடை வறட்சியைத் தாங்கி நிற்கும். கிளைக் கணுக்களை ஒட்டி நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும். கறுத்துக் கனிந்த பழங்களைப் பறவைகளும் சிறுவர்களும் விரும்பி உண்பர்.

இலையின் பயனோ வியப்புக்குரியது. சாயவேரின் செந்நிறம் பருத்தி நூலில் தானே நிலைத்துப் பற்றாது. படிகாரத்தில் உள்ளது போன்ற அலுமினிய உப்பு இடைநின்று பிணைக்க வேண்டும். காயாச் செடி மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்து வைக்கிறது. ஆகவே சோழமண்டலக் கரையின் சாயத் தொழிலாளர் சாயவேரோடு காசா இலையையும் சேர்த்தனர். வேதியியல் நூல் பயிலாத கைகள் பட்டறிவால் கண்ட உண்மை இது!

தோட்டத்தில் இதனை அழகுக்கும் வேலிக்கும் வளர்க்கலாம். ஆனால் பொறுமை வேண்டும், ஏனெனில் இது மெல்ல வளர்வது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேரோடு அகழ்ந்துவிட்டாலோ, அவ்விடம் பழைய நிலையை அடையப் பல்லாண்டுகள் செல்லும். மாணவர்களே, உங்கள் ஊர்க் கோயிற்காட்டில் காயாவைத் தேடிப் பாருங்கள். பெயரை மட்டும் அறிந்தவன் அதன் அழிவை உணரான்; செடியைக் கண்டறிந்தவனே அதனைக் காப்பான்.