தண்ணீர்க் கட்டத்தில் பூஜ்யம்

நான் இருப்பது நெதர்லாந்தில், ஹேக் நகரத்தில். பக்கத்து வெஸ்ட்லாந்து முழுக்கக் கண்ணாடிக் கூடங்கள், உள்ளே தக்காளி. வடிகிற தண்ணீரையும் பிடித்துச் சுத்தம் செய்து திரும்பச் செடிக்கே விடுகிறார்கள். 2022-இல் எரிவாயு விலை எகிறியபோது கணக்குப் பார்த்து, சிலர் கூடத்தைக் காலியாகவே போட்டார்கள்.

ஒட்டன்சத்திரம் பக்கம் அப்பாவுக்கும் தக்காளிதான். போன லீவில் நம்ம தொழில்புத்தி சும்மா இருக்குமா, எக்செல் போட்டு உட்கார்ந்தேன். யூரியாவைக் குறைக்கலாமே என்றேன்.

"45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசு தம்பி. ஒரு ஆளோட ஒருநாள் கூலி அதைவிட ஜாஸ்தி. எதைக் குறைக்கச் சொல்றே?"

சரிதானே. களையெடுக்க, பறிக்க ஆள் கூலிதான் அவரைக் கடிக்கிறது.

சொட்டுநீர்? சிறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், குழாய் போட்டிருக்கிறார். ஆனால் மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். தண்ணீரைச் சேமித்தால் கையில் காசு மிஞ்சாது. அதனால் மிஞ்சிய தண்ணீரில் இன்னும் அரை ஏக்கர் நட்டுவிட்டார். கேட்டால், "நாம மிச்சம் வெச்சா பக்கத்துக் காட்டு போர் இழுத்துக்கும்" என்கிறார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

என் எக்செலில் தண்ணீர்க் கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தேன். சித்திரையில் போர் வற்றியது. புது போர் 900 அடி. மாதாமாதம் வராத தண்ணீர் பில் மொத்தமாக வந்தது. கட்டியது நான், யூரோவில்.

போன வாரம் போனில் அப்பா: "தண்ணி நல்லா வருது தம்பி. இன்னொரு அரை ஏக்கர் வெண்டை போடலாமான்னு பாக்கறேன்."