பால் விலையை முடிவு செய்யும் 10 மில்லி ஆசிட்: கெர்பர் சோதனை எப்படி நடக்கிறது?

மதுரை, உசிலம்பட்டி, மேலூர் வட்டாரத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுபவருக்கு லிட்டர் கணக்கு மட்டும் போதாது. கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் காசு. அதை அளக்க, சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் 1891-ல் கொண்டுவந்த முறை இன்றும் நிற்கிறது.

எப்படி?

பியூட்டிரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயில் முதலில் 10 மி.லி. அடர் கந்தக அமிலம். அதன்மேல் 10.75 மி.லி. பால், பிறகு 1 மி.லி. அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கினால் அமிலம் புரதத்தைக் கரைத்துவிடும். மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, 65 டிகிரி வெந்நீரில் வைத்தால் கொழுப்பு தனியாகப் பிரிந்து நிற்கும். அளவுகோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் படிக்கணும்.

எங்கே சிக்கல்?

'அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே' என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இங்கே நடப்பது தலைகீழ். அதனால் பாலைக் குழாயின் சுவரோடு மெதுவாக இறக்கணும். அவசரப்பட்டால் பால் கருகி, கறுப்புத் துகள் கொழுப்போடு கலந்து அளவு பிசகும், அமிலமும் தெறிக்கும். கையும் போச்சு, கணக்கும் போச்சு. குலுக்கும்போது குழாய் நன்றாகச் சுடும் என்பதால் துணி சுற்றிப் பிடிப்பார்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். வாயால் பிப்பெட் உறிஞ்சவே கூடாது.

மெஷின் வந்த பிறகும் எதற்கு?

பல சங்கங்களில் இப்போது அனலைசர் நொடிகளில் எண்ணைக் காட்டுகிறது. அந்த மெஷின் சரியா என்று உரசிப் பார்ப்பது இந்தச் சோதனையில்தான். சீட்டில் எண் இடித்தால், அதே பாலை கெர்பர் முறையில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.