துடைக்க முதல் படம் எடுங்கோ

குசினியில் பற்றிய நெருப்பு ஐந்து நிமிசத்தில் அணைந்துவிடும். அதன் புகை வீட்டைவிட்டுப் போக மாதக்கணக்கு ஆகலாம். தீ, வெள்ளச் சேதங்களைத் துப்புரவாக்கும் ஒரு நிறுவனத்தில், பேர்ண் பக்கம், நான் பல வருசமாக வேலை செய்கிறேன். தமிழ் வீடு என்றால் பெரும்பாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். அந்த வீடுகளில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு விசயத்தைப் பற்றித்தான் இது.

நாங்கள் போய்ச் சேருவதற்கு முதலே வீடு கழுவப்பட்டிருக்கும்.

ஏன் என்று எனக்கு விளங்காமல் இல்லை. "வெர்வால்டுங்கால வந்து பார்த்தால் என்ன நினைப்பினம்?" என்ற பயம். தாளிக்கிற மணத்துக்கே முன்பு கடிதம் வந்த வீடு என்றால் பயம் இன்னும் கூட. வாளியில் சுடுதண்ணி, பாத்திரம் கழுவும் சவர்க்காரம், பழைய துவாய் என்று இரவிரவாகக் குடும்பமே இறங்கிவிடும். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் சுவரை மூன்று தரம் கழுவியிருந்தார். "தம்பி, வெளியாள் வரேக்க வீடு இப்பிடிக் கிடக்கலாமே?" என்று கேட்டார். சுவர் முழுக்கச் சாம்பல் நிறக் கோடுகள். தொடாமல் விட்டிருந்தால் பெரும்பகுதியைக் காய்ந்த ஸ்பொஞ்சாலேயே எடுத்திருக்கலாம்.

சமையல் நெருப்பின் புகையில் கரித்தூள் மட்டும் இல்லை, ஆவியாகிப் படிந்த எண்ணெயும் இருக்கிறது. ஈரத்துணியால் தேய்த்தால் இரண்டும் குழைந்து, பெயின்ரின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். எங்கள் வேலையில் முதலில் கையில் எடுப்பது ஈரமே படாத ரப்பர் ஸ்பொஞ்ச். அழுத்தாமல் ஒரு பக்கமாக இழுப்போம். அழுக்கான பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தொடர்வோம். அதற்குப் பிறகுதான் எண்ணெயைக் கரைக்கும் கழுவல்.

சாதாரண வாக்குவம் கிளீனரும் கூடாது. நுண்ணிய கரித்தூள் அதன் வடிகட்டியைத் தாண்டி மற்ற அறைகளுக்கும் பரவும். மேலே வெள்ளைப் பெயின்ற் அடித்து மறைக்கலாம் என்பதும் சரிவராது. கறையை அடைக்கும் சிறப்புப் பூச்சு முதலில் அடிக்காவிட்டால், கொஞ்ச நாளில் மஞ்சளும் மணமும் வெளியே வரும்.

பிளாஸ்ரிக் எரிந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வயர், தரைவிரிப்பு, அலுமாரிக் கதவின் மேலுறை போன்றவற்றில் இருக்கும் பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அதனால் ரீவி, கொம்பியூட்டர் போன்றவற்றைச் சோதிக்க முதல் போட்டுப் பார்க்காதீர்கள்.

உடம்பையும் பாருங்கள். கரித்தூளில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் உண்டு. கையுறையும், குறைந்தது எஃப்எஃப்பி 2 முகக்கவசமும் இல்லாமல் தொடவேண்டாம். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்மா உள்ளவர்களையும் வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். புகை சுவாசித்த பிறகு தலையிடி, சத்தி, மயக்கம் வந்தால் 144. நஞ்சு பற்றிய ஆலோசனைக்கு 145. திறந்திருந்த சாப்பாடும் அரிசிப் பையும் குப்பைக்குத்தான். ஊரிலிருந்து அம்மா இடித்து அனுப்பின மிளகாய்த்தூள் என்றாலும் பை திறந்திருந்தால் எறியத்தான் வேணும்.

இனிக் காசு விசயம். இங்கே மூன்று காப்புறுதிகள் வேறுவேறு. கட்டடத்துக்கானது வீட்டுச் சொந்தக்காரருடையது. 26 மாநிலங்களில் 19இல் இதை மாநிலத்தின் பொதுக் காப்புறுதி நிறுவனமே செய்கிறது. ஆர்காவ் 1805இலேயே இதைத் தொடங்கியது. உங்கள் தளபாடம், உடுப்பு, சீலைகளுக்கு ஹவுஸ்ராட். இது பெரும்பாலான மாநிலங்களில் கட்டாயம் இல்லை. எடுக்காதவர்களுக்கு எரிந்தது எரிந்ததுதான். மற்றவர் சொத்துக்கு உங்களால் வந்த சேதத்துக்கு ஹாஃப்ட்ப்ஃலிக்ட்.

ஹவுஸ்ராட் இருந்தாலும் தொகையைப் பாருங்கள். வீட்டுப் பொருட்கள் 80,000 பிராங் பெறுமதி, ஆனால் 40,000க்குத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றால், 10,000 பிராங் சேதத்துக்கு 5,000தான் கிடைக்கக்கூடும். கலியாணச் சீலைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டுப் போவது போன்ற பெரிய கவனக்குறைவு என்று முடிவானால் தொகையைக் குறைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படிக் குறைக்காமல் இருக்கும் பிரிவைச் சில ஒப்பந்தங்களில் சேர்க்கலாம். உங்களுடையதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான் முதலில் சொன்ன கழுவல் இங்கேதான் இடிக்கிறது. சேதம் மதிப்பிடப்பட முதல், சேதத்தைக் குறைக்கத் தேவையானதைத் தவிர வேறு மாற்றம் செய்யக்கூடாது என்று சுவிஸ் காப்புறுதிச் சட்டம் சொல்கிறது. மதிப்பிட வருபவர் கழுவின சுவரைப் பார்த்து என்ன எழுதுவார்? மானத்தைக் காப்பாற்றக் கழுவின கை, ஆதாரத்தையும் சேர்த்துக் கழுவிவிடுகிறது.

ஆகவே ஒழுங்கு இதுதான். அணைந்தமாதிரி இருந்தாலும் 118க்கு அடியுங்கள். அலுமாரிக்குப் பின்னால் சூடு இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். உள்ளே போகலாம் என்று அவர்கள் சொன்ன பிறகு, குசினிக் கதவைச் சாத்தி யன்னலைத் திறவுங்கள். ஒவ்வொரு அறையையும், அலுமாரி மேற்பக்கத்தையும், ஸ்டோரன் பெட்டியையும் படம் எடுங்கள். வெர்வால்டுங்குக்கும் காப்புறுதிக்கும் அன்றே அறிவியுங்கள். எறியும் பொருளையும் படம் எடுத்து, பட்டியலில் எழுதிவிட்டு, காப்புறுதியிடம் கேட்டபிறகு எறியுங்கள். மதிப்பீட்டாளரோடு பேசப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். மொழி தெரிந்த பெரிய ஆள் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

எண்ணெய் பற்றினால் தண்ணி மட்டும் ஊற்றவேண்டாம். ஒரு லீட்டர் தண்ணி ஏறத்தாழ 1,700 லீட்டர் நீராவியாகி, எரியும் எண்ணெயை முகட்டுவரை எறியும். மூடியால் மூடி, அடுப்பை நிப்பாட்டி, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். உங்கள் தாச்சிக்கு அளவான மூடி வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த வடைக்கு முதல் ஒன்றை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கோ.