இரக்கம் தீர்ந்துபோகுமா?

பக்கவாதத்தில் படுத்த தாயைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் மகள், தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் என்று பலரும் ஒரு கட்டத்தில் மரத்துப்போகிறார்கள். மனதில் இருந்த இரக்கமெல்லாம் செலவாகிவிட்டது என்றே நாமும் நினைக்கிறோம், அவர்களும் குற்ற உணர்வோடு அப்படித்தான் நம்புகிறார்கள். மூளை ஆய்வு சொல்வது வேறு.

2004-இல் லண்டனில் மூளை ஆய்வாளர் தானியா சிங்கரும் அவருடைய குழுவினரும் 16 ஜோடிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பெண் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருக்க, அருகே இருந்த துணைவரின் கையில் வலிக்கும்படி மின்சாரம் பாய்ச்சினார்கள். அவர் வலியில் இருக்கிறார் என்று தெரிந்ததுமே, தனக்கே வலித்தால் விழித்துக்கொள்ளும் 'முன் இன்சுலா' என்ற பகுதி அவள் மூளையிலும் விழித்துக்கொண்டது. அன்புக்குரியவரின் வேதனை நமக்குள்ளும் உண்மையாகவே நடக்கிறது.

அதையே நாள் முழுக்கச் சுமந்தால்? 2007-இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் மாத்தியூ ரிக்கார் அதைச் செய்து பார்த்தார். உயிரணு மரபியலில் முனைவர் பட்டம் பெற்றுப் பின் பௌத்தத் துறவியானவர் அவர். ருமேனிய அநாதைக் குழந்தைகளின் துயரத்தை நினைத்து, அதை உணர்வது மட்டுமே வேலை என்று கருவிக்குள் கிடந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தாங்க முடியாமல் போனது. பிறகு அதே குழந்தைகளை நினைத்து, அவர்கள் நலமடைய வேண்டும் என்ற அன்பை மனதில் பெருக்கினார். துயரக் காட்சி மாறவில்லை, சோர்வு மட்டும் விலகியது.

தனியொரு துறவியின் அனுபவத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. அதனால் ஆய்வாளர் ஓல்கா கிளிமெக்கியும் சிங்கரும் சாதாரண மக்களுக்கே இரண்டையும் பயிற்றுவித்தார்கள். பிறர் வலியை உணரும் பயிற்சி மனவேதனையைக் கூட்டியது. பின்னர் தந்த கருணைப் பயிற்சி அதைத் தணித்தது. இரண்டும் மூளையில் வெவ்வேறு வலைப்பின்னல்கள். கருணையின்போது வேலை செய்தவை பாசத்தோடும் நிறைவோடும் தொடர்புள்ள பகுதிகள். ஆக, களைத்துப்போவது இரக்கம் அல்ல. பிறர் வலியைத் தன் வலியாகவே தூக்கிக்கொள்ளும் மனம்.

இந்தப் பயிற்சி வார்டில் ஆள் பற்றாக்குறையைத் தீர்க்காது. அதற்கு நிர்வாகம்தான் பொறுப்பு. ஆனால் நெஞ்சு இறுகுவதை அந்தக் கணத்திலேயே கவனித்து, "இது அவருடைய வலி, நான் துணைக்கு இருக்கிறேன்" என்று பிரித்துப் பார்க்க யாரும் பழகலாம்.

அதே கருணையைத் தன் பக்கமும் திருப்பலாம் என்பது டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப்பின் ஆய்வு. ஆட்டிசம் உள்ள மகன் விமானத்தில் ஓயாமல் அலறியபோது, சுற்றியிருந்தவர்களின் பார்வைக்கு நடுவே அவர் பெரும்பாலும் ஆறுதல் சொன்னது தனக்குத்தான் என்று எழுதியிருக்கிறார்.