பணச்சாவி வழங்கும் இணையத்தளங்களும் மெய்ம்மைச் சோதனையும்

பிட்காயின் முதலிய மின்னிலக்க நாணயங்களுக்கு வங்கியும் இல்லை, கணக்கரும் இல்லை. நாணயம் யாருக்கு உரியது என்பதை முடிவு செய்வது ஓர் இரகசிய எண்ணேயாகும். தனிச்சாவி எனப்படும் அவ்வெண்ணைப் பதின்ம முறையில் எழுதினால் 78 இலக்கம் வரை நீளும். அதனை அறிந்தவர் எவராயினும் பணத்தை எடுத்துவிடலாம். பறிபோனால் மீட்டுத் தருவார் இல்லை. ஆதலின் அவ்வெண் எவராலும் ஊகிக்க இயலாதவாறு பிறத்தல் வேண்டும்.

இத்தகைய எண்ணைப் பிறப்பித்துத் தாளில் அச்சிட்டுக்கொள்ள உதவும் இணையத்தளங்கள் பல தோன்றின. அவற்றுட் சில தம் நிரலை யாவரும் காணுமாறு கிட்ஹப் என்னும் பொதுக் களஞ்சியத்தில் வெளியிட்டன. ஒளிவுமறைவு இல்லாதவிடத்து ஐயத்திற்கு இடமேது எனப் பலர் எண்ணினர். ஆனால், களஞ்சியத்தில் உள்ள நிரல் ஒன்றாகவும், தளத்தை நாடுவோர் கணினிக்கு வந்து சேரும் நிரல் வேறொன்றாகவும் இருத்தல் கூடும்.

வாலட்ஜெனரேட்டர்.நெட் என்னும் தளத்தைப் பற்றி மைகிரிப்டோ நிறுவனம் 2019 மே மாதம் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. களஞ்சியத்து நிரலைக் கொண்டு 1,000 சாவிகளை உண்டாக்கியபோது ஆயிரமும் வெவ்வேறாக அமைந்தன. தளத்தின் வழியே உண்டாக்கியபோதோ, 120 சாவிகளே திரும்பத் திரும்ப வந்தன! நாணயச் சின்னமாகக் காட்டப்படும் படத்தின் வாயிலாகத் தளமே தற்செயல் எண்ணுக்குரிய வித்தை அனுப்பிக்கொண்டிருந்தது. வித்தை அறிந்தவனுக்கு விளைச்சலும் தெரியுமன்றோ? ஐயோட்டா என்னும் நாணயத்திற்குச் சாவி வழங்கிய மற்றொரு தளத்தின் வாயிலாக 85க்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 1 கோடி யூரோ இழந்தனர். அது தொடர்பாக 2019 சனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஒருவர் கைது செய்யப்பட்டதை யூரோபோல் அறிவித்தது.

வந்து சேர்ந்த நிரல் மெய்யானதா என்று சோதிப்பது எங்ஙனம்? கணக்கு வகுப்பில், இலக்கங்களைக் கூட்டி ஒன்பதை நீக்கி விடையைச் சரிபார்க்கும் பழைய முறை ஆசிரியர் அறிந்ததே. 4732 என்பதன் எச்சம் 7. ஆயினும், கை தவறி 4723 என்று எழுதினாலும் எச்சம் 7 தான், பிழை தப்பிவிடும். இங்ஙனம் தப்பவிடாத சோதனையே எஸ்.எச்.ஏ-256 என்னும் கணிப்பு. எத்துணைப் பெரிய கோப்பாயினும் அதனை 64 குறிகளாக இது சுருக்கித் தரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினும் விடை முற்றிலும் வேறாகிவிடும். விண்டோஸ் கணினியிலுள்ள செர்ட்யூட்டில் என்னும் கருவியே இதைக் கணித்துத் தரும். பிட்அட்ரஸ் தளம் இந்த 64 குறிகளையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்து வழங்குகின்றது.

எனினும், கோப்பை மாற்றிய கள்வன் அதனருகே எழுதியுள்ள குறிகளையும் மாற்றமாட்டானா? மாற்றுவான். எனவே, ஒப்புநோக்கும் குறிகள் வேறிடத்திலிருந்து பெற்றவையாதல் வேண்டும். நிரலாசிரியரின் மின்கையொப்பத்தை, அவருடைய பொதுச்சாவியை முன்னரே வேறு வழியில் பெற்றுச் சரிபார்த்தல் இன்னும் சிறந்தது. முகவரிப் பட்டையில் தோன்றும் பூட்டுச் சின்னம் இதற்குப் பயன்படாது. தொடர்பு இடைவழியில் ஒட்டுக்கேட்கப்படவில்லை என்பதையே அது காட்டும். மறுமுனையில் இருப்பவரின் நேர்மையைக் காட்டாது. சரிபார்த்த கோப்பையும் இணையத் தொடர்பைத் துண்டித்த கணினியிலேயே இயக்குதல் நலம்.

சாவிகள் வெவ்வேறாக வருகின்றனவா என்று எண்ணிப் பார்த்தால் மட்டும் போதும் என்பாரும் உளர். அது பொருந்தாது. கள்வன் மட்டும் அறிந்த ஒரே வித்திலிருந்து இலட்சம் வெவ்வேறு சாவிகளைப் பிறப்பிக்கலாம். ஒன்றும் மற்றொன்றைப் போல் இராது. தளம் பின்னர்த் திருந்தினாலும் பழைய சாவி திருந்துவதில்லை. ஆகவேதான், 2018 ஆகஸ்டு 17ஆம் நாளுக்குப் பின் வாலட்ஜெனரேட்டர் தளத்தில் சாவி பெற்றவர்கள் தம் பணத்தை உடனே வேறு சாவிக்கு மாற்றிக்கொள்ளுமாறு அவ்வாய்வு கூறியது.