ஒண்ணுமே நடக்கலையே! – ‘தி பேர்’ மூன்றாவது சீசனும் ரசிகர்களின் கோபமும்

2024 ஜூன் கடைசி வாரம் ‘தி பேர்’ தொடரின் மூன்றாவது சீசன் வந்தது. பத்து எபிசோடும் ஒரே நாளில். நம்ம ஊரில் அப்போது ஹாட்ஸ்டாரில் பார்க்க முடிந்தது. அடுத்த சில வாரங்கள் அதைப் பற்றி ஜனங்கள் பேசியதையெல்லாம் தேடித்தேடிப் படித்தேன். முதல் இரண்டு சீசனைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய அதே ஆட்கள் இப்போது திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு வேறு வார்த்தையில் சொன்னாலும் புகாரின் சாரம் ஒன்றுதான்: ஒண்ணுமே நடக்கலையே!

எதிர்க் கோஷ்டியின் பதிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்களுக்குப் பொறுமை இல்லை, எல்லாமே வேகமா நடக்கணும்னு பழகிட்டீங்க, இது நிதானமாப் பார்க்க வேண்டிய விஷயம்.

இரண்டு பக்கத்தையும் படித்த பிறகு எனக்குத் தோன்றியதை எழுதி வைக்கிறேன். திட்டியவர்கள் பொறுமை இல்லாதவர்கள் அல்ல. அவர்கள் சொன்னது ரொம்பத் துல்லியமான ஒரு குறை. அதைப் புரிந்துகொள்ள ஒரு ரெஸ்டாரன்ட் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும். (கதையை முழுக்கச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் யோசித்துவிட்டு மேலே படிக்கவும்.)

கதை இதுவரை

சிகாகோவில் ஒரு பழைய சாண்ட்விச் கடை. மெலிசாக அறுத்த மாட்டிறைச்சியை அதன் சாற்றிலேயே ஊற வைத்து, நீள பன்னில் அடைத்துத் தருவார்கள். ‘இத்தாலியன் பீஃப்’ என்று பெயர், அந்த ஊரின் அடையாளம். கடையை நடத்திய மைக்கேல் தற்கொலை செய்துகொள்கிறான். நியூயார்க்கில் பெரிய ரெஸ்டாரன்ட்டில் செஃபாக இருந்த தம்பி கார்மி, கடையும் கடனும் கைக்கு வர, ஊர் திரும்புகிறான். அவனிடம் வேலைக்குச் சேரும் இளம் செஃப் சிட்னி. அண்ணனின் நண்பன் ரிச்சி. பல வருஷமாக அங்கேயே வேலை பார்க்கும் டீனா. 2022இல் வந்த முதல் சீசன் இவ்வளவுதான்.

2023இல் வந்த இரண்டாவது சீசனில் அந்தக் கடையை இடித்து, ‘தி பேர்’ என்ற உயர்தர ரெஸ்டாரன்ட்டைக் கட்டுகிறார்கள். திறப்பு விழா இரவில் கார்மி குளிர் அறைக்குள் மாட்டிக்கொள்கிறான். கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல், காதலியைப் பற்றிச் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுகிறான். வெளியே நின்றுகொண்டிருந்தது அவள்தான்.

அந்த இரவுக்கு அடுத்த நாளில் மூன்றாவது சீசன் தொடங்குகிறது. ஒரு வருஷம் காத்திருந்தவர்களுக்கு இரண்டு கேள்விகள். கார்மி அவளிடம் மன்னிப்பு கேட்பானா? ரிச்சியோடு சமாதானம் ஆகுமா? போகப் போக மூன்றாவதாக ஒன்று சேர்கிறது: பார்ட்னர் ஒப்பந்தத்தில் சிட்னி கையெழுத்துப் போடுவாளா? பத்து எபிசோடு முடிகிறது. மூன்றுக்கும் பதில் இல்லை. ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள்.

மெதுவா இருந்தது பிரச்சினையா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். இதே ரசிகர்கள் கொண்டாடிய எபிசோடுகளைப் பாருங்கள்.

இரண்டாவது சீசனில் ‘ஃபோர்க்ஸ்’ என்று ஒரு எபிசோடு. ரிச்சியை வேறொரு பெரிய ரெஸ்டாரன்ட்டுக்கு ஒரு வாரம் வேலை கற்றுக்கொள்ள அனுப்புகிறார்கள். அங்கே அவனுக்குக் கொடுக்கும் வேலை முள்கரண்டி துடைப்பது. நாள் முழுக்க அதுதான். கேட்டால் தூக்கம் வரும், இல்லையா? ஆனால் தொடரிலேயே பலருக்கும் பிடித்தது அதுதான். ஏனென்றால், வாடிக்கையாளர் ஒருவர் ஊரை விட்டுப் போவதற்குள் சிகாகோவின் டீப் டிஷ் பீட்சாவைச் சாப்பிட முடியவில்லையே என்று வருத்தப்பட்ட விஷயம் ரிச்சியின் காதுக்கு வருகிறது. அவனே ஓடிப்போய் வாங்கி வருகிறான். வாரத்தின் தொடக்கத்தில் தன்னை அவமானப்படுத்தத்தான் இங்கே அனுப்பினார்கள் என்று நினைத்தவன், முடிவில் கோட்டு சூட்டு போடும் ஆளாகிறான்.

மூன்றாவது சீசனையே எடுத்துக்கொள்வோம். அதில் ‘நாப்கின்ஸ்’ என்ற எபிசோடு. சிட்னியாக நடிக்கும் அயோ எடெபிரி முதன்முதலாக இயக்கியது. பல வருஷம் பார்த்த ஆபீஸ் வேலை போய், நடு வயதில் வேலை தேடி அலைந்து, கடைசியில் டீனா அந்தச் சாண்ட்விச் கடைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பதுதான் கதை. எபிசோடின் முக்கியமான பகுதி, இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது மட்டும். திட்டியவர்களில் பலரும் இதை மட்டும் விதிவிலக்காகச் சொன்னார்கள். அடுத்து நடாலியின் பிரசவம் நடக்கும் ‘ஐஸ் சிப்ஸ்’. அதிலும் ஆஸ்பத்திரி அறையில் அம்மாவும் மகளும் பேசுவதைத் தவிர பெரிதாக எதுவும் கிடையாது. அதற்கும் பாராட்டு.

ஆக, மெதுவும் பிரச்சினை இல்லை, பேச்சும் பிரச்சினை இல்லை. இந்த மூன்று எபிசோடிலும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. உள்ளே போன ஆளும் வெளியே வரும் ஆளும் ஒன்றல்ல.

இதோடு முதல் எபிசோடை ஒப்பிடுங்கள். கார்மியின் நியூயார்க், கோபன்ஹேகன் நினைவுகள், தட்டுகள், சாஸ், தையல் போட்ட கை, எல்லாம் ஒரே இசைக்கு மேல் ஓடுகிறது. வசனம் மிகக் குறைவு. படமாக்கிய விதம் அபாரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எபிசோடு முடியும்போது, தொடங்கிய அதே இடத்தில்தான் நிற்கிறோம். அதைத் தனியாகப் பார்த்தால் குறை சொல்லமாட்டோம். ஒரு வருஷம் காத்திருந்த பிறகு முதல் தட்டாக வந்தால் வயிறு கேட்காது.

தினம் ஒரு மெனு

இப்போது கதைக்குள்ளேயே இருக்கும் ஒரு சமாச்சாரத்துக்கு வருகிறேன். இந்த சீசனில் கார்மி விட்டுக்கொடுக்கவே முடியாத விதிகள் என்று ஒரு பட்டியல் போடுகிறான். அதில் ஒன்று, மெனு தினமும் மாறும். செய்ததைத் திரும்பச் செய்யக்கூடாது. மிஷலின் ஸ்டார் வாங்க அதுதான் வழி என்பது அவன் கணக்கு.

சமையலறையில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒரே மெனு நிலையாக இருந்தால் நாளைக்கு எத்தனை கிலோ வெங்காயம் நறுக்க வேண்டும் என்று இன்றைக்கே தெரியும். எலும்பு சூப்புக்குப் போகும், மிச்சம் ஊழியர் சாப்பாட்டுக்குப் போகும். நூறு தடவை செய்த கைக்கு நூற்றியோராவது தடவை யோசிக்க வேண்டியதில்லை. பரிமாறுபவருக்கும் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரியும். மெனு தினமும் மாறினால் இது அத்தனையும் ஒவ்வொரு காலையும் பூஜ்யத்தில் தொடங்கும். சரக்கு வீணாகும், செலவு ஏறும், ஆட்கள் களைத்துப்போவார்கள். தொடரிலும் இதுதான் நடக்கிறது. வெண்ணெய்க்கு மட்டும் பதினோராயிரம் டாலருக்கு மேல் பில் வந்து, பணம் போட்ட அங்கிள் ஜிம்மி வாயைப் பிளக்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிஷலின் ஆய்வாளர்கள் பார்ப்பதாக அந்த நிறுவனமே சொல்லும் அளவுகோல்கள் ஐந்து. பொருளின் தரம், செய்நேர்த்தி, சுவைகளின் இசைவு, செஃபின் தனித்தன்மை. ஐந்தாவது, நிலைத்தன்மை. மெனு முழுக்கவும், காலப்போக்கிலும் ஒரே தரம். முதல் நான்கையும் துரத்திக்கொண்டு ஓடுபவன் ஐந்தாவதைக் காலில் போட்டு மிதிக்கிறான்.

நிலைத்தன்மை என்றால் அதே தட்டைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது என்று அர்த்தம் இல்லை. தட்டு மாறலாம், நம்பிக்கை மாறக்கூடாது. இந்தக் கடையில் உட்கார்ந்தால் நம்மைக் கவனிப்பார்கள் என்ற நம்பிக்கை. ரசிகர்களின் புகாரும் இதேதான் என்பது என் வாதம். அவர்கள் பழைய சீசனையே திரும்பக் கேட்கவில்லை. முதல் சீசனில் ஆன்லைன் ஆர்டர் பொத்தானை அணைக்க மறந்து, பிரிண்டர் நிற்காமல் சீட்டு துப்ப, கிட்டத்தட்ட எபிசோடு முழுவதும் ஒரே ஷாட்டில் ஓடுமே, அதை மறுபடி எடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், எங்கள் நேரத்தை வாங்கிக்கொண்டால் எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்பதுதான்.

அந்த நேரத்தை என்ன செய்தார்கள் என்பதிலும் ரசிகர்களுக்கு வருத்தம் இருந்தது. ஃபாக் சகோதரர்களின் கோமாளித்தனம் நீண்டுகொண்டே போனது. அதில் ஒரு சகோதரனாக மல்யுத்த வீரர் ஜான் சீனா வேறு வந்துபோனார். கடைசி எபிசோடில் தாமஸ் கெல்லர், கிராண்ட் அகாட்ஸ் மாதிரி நிஜ செஃப்கள் தாங்களாகவே வந்து சமையல் வாழ்க்கையைப் பற்றிப் பேசினார்கள். தொழிலில் இருப்பவர்களுக்கு அது தித்திப்பு. சிட்னி என்ன முடிவெடுப்பாள் என்று காத்திருந்தவர்களுக்கு அது, வராத சாப்பாட்டுக்கு முன்னால் மேசைக்கு வந்துபோகும் விருந்தினர்.

எமி மேடையில் வந்த சிரிப்பு

இந்தக் கோபத்துக்கு இன்னொரு கிளை உண்டு. ‘தி பேர்’ விருதுகளில் நகைச்சுவைத் தொடராகப் போட்டியிடுகிறது. 2024 செப்டம்பரில் எமி விழா. அப்போது போட்டியில் இருந்தது இரண்டாவது சீசன். ஆனால் பார்ப்பவர்கள் மனதில் அழுது வடியும் மூன்றாவது சீசன் பசுமையாக இருந்தது. தொகுப்பாளர்களே மேடையில் இதை வைத்துக் கிண்டல் செய்தார்கள். தொடர் அந்த வருஷம் 11 எமி வாங்கியது, ஒரே வருஷத்தில் நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்கு அதுவரை கிடைக்காத எண்ணிக்கை. ஆனால் சிறந்த நகைச்சுவைத் தொடர் விருது மட்டும் ‘ஹாக்ஸ்’ தொடருக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் மூன்றாவது சீசன் போட்டிக்கு வந்தபோது, பரிந்துரைகள் இருந்தும் ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை.

திட்டாமல் விட்ட கேள்வி

இவ்வளவு சொன்ன பிறகு, அந்த சீசனுக்கு நியாயம் செய்ய ஒன்று பாக்கி. கடைசி எபிசோடில் கார்மி, நியூயார்க்கில் தன்னைச் சித்திரவதை செய்த பழைய செஃபை நேருக்கு நேர் சந்திக்கிறான். இத்தனை வருஷம் மனதுக்குள் வைத்திருந்ததைக் கொட்டுகிறான். அந்த ஆள் அசரவே இல்லை. சுமாரான செஃபாக வந்தாய், அசத்தலான செஃபாகப் போனாய், எனக்கு நீ நன்றிதான் சொல்ல வேண்டும் என்கிற தோரணை.

அதுதான் உண்மையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. கொடுமை ஒருவனைத் திறமைசாலி ஆக்குகிறதா? ‘நாப்கின்ஸ்’ எபிசோடில் அதற்கான பதில் ஏற்கெனவே இருக்கிறது. மைக்கேல் டீனாவை மிரட்டவில்லை. உடைந்துபோய் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து உட்கார்ந்தான், பேசினான், வேலை கொடுத்தான். ‘ஃபோர்க்ஸ்’ எபிசோடில் ரிச்சியை மாற்றியதும் கத்தல் இல்லை, மரியாதை. ரசிகர்களுக்குப் பிடித்த எபிசோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர்கள் இந்தக் கேள்விக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று தெரியும். எழுதியவர்கள்தான் அந்த இரண்டையும் கார்மியின் கதையோடு முடிச்சுப் போடாமல் விட்டுவிட்டார்கள்.

2025 ஜூனில் வந்த நான்காவது சீசனில் சமையலறையில் ஒரு கடிகாரம் வந்தது. பணம் தீர 1,440 மணி நேரம் என்று கெடு. மன்னிப்புகள் கேட்கப்பட்டன. ‘இப்போ மன்னிப்பு கொஞ்சம் ஓவர்’ என்று சிலர் அலுத்துக்கொண்டதும் நடந்தது. அது ஆரோக்கியமான அலுப்பு என்றுதான் சொல்வேன். ஏதோ ஒன்று நடந்தால்தானே அது ஓவர் என்று சொல்ல முடியும்?

மூன்றாவது சீசனின் கடைசி நிமிடத்தில் கார்மியின் போனுக்கு அவன் ரெஸ்டாரன்ட்டைப் பற்றிய பத்திரிகை விமர்சனம் வருகிறது. அருமை என்று ஒரு வார்த்தை, குழப்பம் என்று ஒரு வார்த்தை, நிலையில்லை என்று ஒரு வார்த்தை, திரையில் மின்னி மறைகின்றன. அந்த சீசனுக்கு மறுநாள் முதல் ரசிகர்கள் எழுதியதும் கிட்டத்தட்ட அதே மூன்றுதான். சாப்பிட்டவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.