அளந்தறிய வேண்டிய அழுத்தம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், ஆரியசாலைப் பக்கம் பலசரக்கு வாங்கச் செல்வோர் ஒன்றைக் கண்டிருப்பர். எத்தனை ஆண்டுப் பழக்கமுள்ள வணிகரும் கைநிதானத்தை நம்பிச் சரக்கைக் கொடுப்பதில்லை, நிறுத்தே கொடுப்பார். இரத்த அழுத்தத்திலும் நாம் கைக்கொள்ள வேண்டிய முறை அதுவே.

இதயம் சுருங்கும்போது தமனிகளில் அழுத்தம் மிகும், விரியும்போது குறையும். ஆகவேதான் மருத்துவர் இரண்டு எண்களைக் குறிக்கிறார். புயத்தில் கட்டிய பட்டையின் காற்றை மெல்ல விடுகையில் நாடியின் ஓசை தொடங்குமிடம் மேல் அளவு, மறையுமிடம் கீழ் அளவு என்னும் முறையை 1905இல் ருஷ்ய மருத்துவர் கொரட்காவ் வகுத்தார். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் அளவு 140ஐயோ கீழ் அளவு 90ஐயோ எட்டுமாயின் அது மிகை அழுத்தம்.

“தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எனக்கு ஏது அழுத்தம்?” என்பார் பலர். மிகை அழுத்தம் பெரும்பாலும் எவ்வித நோவும் தருவதில்லை. இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் அது மறைவாகவே கெடுக்கும். பக்கவாதமே முதல் அறிகுறியாக வந்துவிடுதலும் உண்டு. ஆகவே, நலமாயிருப்போரும் அளந்து பார்த்தல் வேண்டும். அளக்குமுன் அரைமணி நேரம் காப்பியும் புகையும் தவிர்த்து, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தல் அவசியம்.

உணவில் முதற் கவனம் உப்பின்மீது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டே உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் இடுவது மட்டும் கணக்கன்று; அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு யாவற்றிலும் உப்பு மறைந்திருக்கிறது. இத்துடன் நாள்தோறும் அரைமணி விரைநடையும், புகையிலை, மது இவற்றை விலக்குதலும் பயன் தரும்.

மருந்துக்கு வருவோம். சர்ப்பகந்தி வேர் மிகை அழுத்தத்தைத் தணிப்பதை 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஆங்கில மருத்துவ ஏடொன்றில் எழுதி உலகறியச் செய்தார். பின்னர் அதனினும் ஏற்ற மருந்துகள் பல வந்துள்ளன. ஆதலின் வேரை வாங்கித் தாமே உண்ணுதல் தகாது.

மாத்திரையால் அளவு இறங்கியதும் “குணமாகிவிட்டது” என்று தாமே நிறுத்திவிடுவோரும் உளர். எடைக்கல்லை எடுத்த பின்னும் தராசு சமமாக நிற்குமா? அழுத்தம் மீண்டும் ஏறும்; ஏறுவதும் தெரியாது. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு. தவறாது உண்பதும் அளந்து வருவதும் நம் பொறுப்பு.